ஆனந்த் முப்பது

கட்டின பெண்டாட்டி மேல் ஒருத்தனுக்குப் பொறாமை வருமா என்று யாராவது கேட்டிருந்தால், மண்ணூர்பேட்டை ஆனந்தன் போன ஆடி மாசம் வரைக்கும் சிரித்திருப்பான். பொறாமை பங்காளி மேல் வரும். கூட வேலை பார்த்தவன் மேல் வரும். எதிரே கடை போட்டவன் மேல் கட்டாயம் வரும். காலையில் எழுந்து காபி கலந்து கொடுக்கிறவள் மேல் எதற்கு வரப்போகிறது? ஆனால் அவனுக்கு வந்தது. கொஞ்சநஞ்சமில்லை, சோறு இறங்காத அளவுக்கு வந்தது.

ஆனந்தன் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவன். எஸ்டேட் என்று ஊர் சொல்கிற தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அவன் தாத்தாவுக்கு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. எஸ்டேட் வந்ததும் நிலம் போய், அப்பா ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனார். மகன் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போனான். தொண்ணூற்றெட்டில் கம்பெனி ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன், வீட்டு முன்னறையில் சொந்தமாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப் செய்தான். இரண்டு பக்கமும் தேக்குப் பலகை, முகப்பில் மஞ்சள் வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள், நடுவில் கைநிறையப் பிடிக்கிற மாதிரி ஒரு குமிழ். 'ஆனந்த் 30' என்று பெயர் வைத்தான்.

அதில் பாட்டுப் போட்டால் பாடுகிறவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார் என்று வாங்கினவர்கள் சொன்னார்கள். ஆவடியில் சொன்னார்கள், பெங்களூரில் சொன்னார்கள், துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கிருந்து போன் போட்டுச் சொன்னார்கள். ஆம்ப் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற இணையக் குழு ஒன்றில் 'அந்த ஆளுக்கு இருப்பது காது இல்லை, வரம்' என்று எவரோ எழுதினார். ஆனந்தன் அதை அச்செடுத்து, லேமினேட் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். இருபத்தாறு வருஷமாக அந்தப் பெட்டியில் ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டது எஸ்டேட் வழக்கப்படி. அங்கே எந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலும் டிராயிங் போடுகிறவன் ஆம்பளை, போர்டில் பார்ட் ஏற்றிப் பற்றவைக்கிறவள் பொம்பளை. அவன் பெண்டாட்டி வடிவும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டி.வி. கம்பெனி லைனில் ஆறு வருஷம் பார்ட் ஏற்றினவள்தான். ஆகவே ஆனந்தன் சர்க்யூட் வரைந்தான், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினான், பெட்டி செய்தான், கடைசியில் உட்கார்ந்து கேட்டான். ரிச்சி தெருவுக்குப் போய் பார்ட் வாங்குவது, போர்டு நிரப்புவது, ரிப்பேருக்கு வந்ததைப் பிரித்து ஈயம் வைப்பது எல்லாம் வடிவு. பொம்பளை வேலை என்பதால் அவன் அந்தப் பக்கம் குனிந்து பார்த்ததே கிடையாது. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. பெட்டிக்குள் போர்டு குப்புறக் கிடக்கும், மேலே தெரிவது ஈயப் புள்ளிகள் மட்டும்.

ஆடி மாசம் பூந்தமல்லி சிவராமன் வந்தார். ஆனந்தன் செய்வதில் முக்கால்வாசியை விற்றுக் கொடுப்பது அவருடைய ஷோரூம்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மோரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். திருமழிசை வரைக்கும் அடுக்கு மாடியாக வந்துவிட்டது, குடிவருகிற பிள்ளைகள் எல்லாம் ஐ.டி., போனிலிருந்து நேராகப் பாட்டு வர வேண்டும் என்கிறார்கள், ரிமோட் கேட்கிறார்கள், டி.வி.க்குக் கீழே நுழைகிற மாதிரி ஒல்லியாகக் கேட்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

"புச்சா ஒண்ணு பண்ணு அண்ணாத்தே. இல்லன்னா தீபாவளிக்கு அப்பால இத்த வெக்க எனக்கு ஷோரூம்ல எடம் இல்ல. ஒளிச்சி மறைச்சி பேச எனக்குத் தெரியாது."

ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற மாட்டேன் என்றான் ஆனந்தன். உள்ளேயிருந்து வடிவு, போன் கனெக்ஷன்தானே, வைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். டிசைனைப் பற்றி உனக்கு இன்னா தெரியும், போய் உலையைப் பார் என்று அவன் அதட்டினான். அவளும் போய் உலையைப் பார்த்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வார்த்தையை நினைத்து அவன் பிறகு எத்தனையோ நாள் கூசிப்போனான்.

பழசையே தொடர்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. போர்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பாடியில் இருந்த தன் பட்டறையை மூடிவிட்டார். புதிய இடத்தில் கம்ப்யூட்டர் ஃபைல் கேட்டார்கள். அதற்குப் பிரசன்னா கிடைத்தான். பக்கத்து அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிற கோயமுத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனி, கல்யாணப் பரிசாக ஆனந்த் 30 வாங்கினவன். காசு எதுவும் வேண்டாம், நானே வரைந்து தருகிறேன் என்று ஆனந்தனின் பழைய கிராஃப் தாளையும் ஒரு ஆம்பையும் தூக்கிக்கொண்டு போனான். நான்காம் நாள் திரும்பி வந்தான்.

"சார், எல்லாம் சரியா இருக்குதுங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் வித்தியாசமுங்க. டிராயிங்ல 101 கண்டென்சர்னு இருக்குது. பெட்டில 471 போட்டிருக்காங்க."

துவரம்பருப்பு அளவு கண்டென்சர் அது. பாட்டின் கூர் எந்த அளவுக்கு வெளியே வரலாம் என்று தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறது. 471 என்றால் 101-ஐப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எங்கேயோ கை தவறியிருக்கும் என்றான் ஆனந்தன். பையன் போனதும் ரிப்பேருக்கு வந்திருந்த ஒன்றைப் பிரித்துப் போர்டைத் திருப்பினான். 471. இன்னொன்று. 471. தொண்ணூற்றொன்பதில் விற்ற பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது, அதிலும் 471. கடைசியாக ஒன்றில் அதைப் பிடுங்கி, தான் வரைந்தபடி 101 வைத்துப் பாட்டுப் போட்டான். பாடுகிறவள் வாயில் 'ச' வருகிற இடமெல்லாம் காதில் குத்தியது. இரண்டாவது சரணத்துக்குள் அவனே கை நீட்டி அணைத்தான்.

அப்படியென்றால் அவன் வரைந்த ஆம்பை உலகத்தில் ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. அத்தனை பேரும் கொண்டாடினது வேறு எதையோ.

வடிவு பின்கட்டில் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி இரண்டு பூனை. ஆனந்தன் உள்ளங்கையில் அந்தப் பருப்பை வைத்துக்கொண்டு போய் நின்றான்.

"இந்த எடத்துல 471 யாரு போட்டது?"

"நாந்தான். வேற யாரு போடுவா?"

"டிராயிங்ல 101 கீதே."

"கீது. மொத பெட்டில அத்தத்தான் போட்டேன். நீ வேப்பம்பட்டு அக்கா ஊட்டு காதுகுத்துக்குப் போயிருந்த. போட்டுக் கேட்டா காது கூசிச்சி. டப்பால கெடந்ததெல்லாம் ஒண்ணொண்ணா வெச்சிப் பாத்தேன். இதுல கொரல் ஒக்காந்துச்சி. உட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

வடிவு கையிலிருந்த மீனின் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வந்து கேட்டுட்டு, கண்ணு கலங்கிகினு, 'பாத்தியா வடிவு, இந்த ஆனந்தன் இன்னா வரைஞ்சிகீறான் பாத்தியா'ன்ன. வேல போயி எட்டு மாசம் நீ சிரிக்கவே இல்ல. அந்த மூஞ்சியப் பாத்துகினு எப்டிய்யா சொல்றது?"

"சரி. அப்பால?"

"அப்பால மறந்துட்டேன்."

மறந்துவிட்டாளாம். அதுதான் அவனைக் கொன்றது. மறைத்து வைத்திருந்தாள், மனசுக்குள் சிரித்திருந்தாள் என்றால் சண்டை போட்டிருக்கலாம். எவன் எவனோ வரம் வரம் என்று எழுதின காரியத்தை, வெங்காயம் வாங்க மறந்த மாதிரி இவள் மறந்திருக்கிறாள். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு அமிர்தமாக இருந்தது. ஆனந்தன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் சிவராமனுக்கு போன் போட்டு, புதுசு செய்கிறேன், பழசு இனிமேல் கிடையாது, ஒன்றுகூடக் கிடையாது என்றான். காலத்துக்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும் இல்லையா என்று அவருக்கே பாடம் எடுத்தான். பழசை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லையே, அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறதே என்று சிவராமன் இழுத்தார். இவன் கேட்கவில்லை. போன வாரம் ஸ்க்ரூ மாற்ற மாட்டேன் என்றாயே, இப்போது என்ன ஆச்சு என்று வடிவு கேட்டதற்கும் அதே பாடத்தைத்தான் ஒப்பித்தான். உண்மைக் காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். அந்தப் பெட்டி ஒழிந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

பழைய பாராட்டு ஒவ்வொன்றும் இப்போது வட்டியோடு திரும்பி வந்து சுட்டது. எந்த வருஷம், யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வர, ஒவ்வொன்றையும் எடுத்து அவள் பக்கம் வைக்க வேண்டியிருந்தது. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணும்போது அவளுடைய காதையே பார்த்துக்கொண்டிருப்பான். சாதாரணக் காது. ஒரு கல் தோடு, பாரத்தில் கொஞ்சம் இறங்கின துளை. இதில் என்ன இருக்கிறது, என் காதில் என்ன இல்லை என்று நினைப்பான். கூடவே ஒரு ஆத்திரமும் வரும், தன் மேல் பாதி, அவள் மேல் மீதி.

புரட்டாசியில் ஆவடி சுலைமான் பாய் வந்தார். டாங்க் ஃபாக்டரியில் ரிட்டயர் ஆனவர். முதல் வருஷம் வாங்கின பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார், குமிழ் கொரகொரவென்கிறது என்று கொண்டுவந்தார். வடிவு பிரித்துத் துடைத்து மூடிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தவர் ஆனந்தன் கையைப் பிடித்துக்கொண்டார். சம்சாரம் போன பிறகு வீட்டில் பேச்சுத் துணை இதுதான் தம்பி, உன் கைக்கு என்னத்தைக் கொடுப்பேன் என்றார். பின்னால் வடிவு ஈயக் கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தன் கையை உருவிக்கொண்டான்.

புது ஆம்ப் முழுக்க முழுக்க அவனுடையதாக இருக்க வேண்டும். அதனால் போர்டையும் தானே நிரப்பினான். ஐம்பத்தெட்டு வயதில் சாளேசரக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ட் ஏற்றப் பழகினான். இரண்டு விரலிலும் சூட்டுக்காயம், மூன்று போர்டு கருகி வீண். நான் ஏற்றித் தரட்டுமா என்று வடிவு ஒருதரம் கேட்டாள். வேணாம் என்றான். இன்னொருதரம் கேட்டாள். அப்போதும் வேணாம் என்று சொல்லி, பார்ட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் அந்த டப்பாவையும் அவனையும் பார்த்துவிட்டு எழுந்து போய், வாசலில் கீரைக்காரியோடு பேச உட்கார்ந்துவிட்டாள். வேலை இல்லாத வடிவை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஐப்பசி அடைமழை. எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர், முன்னறைச் சுவர் வேர்த்து வழிந்தது. ஈரத்தில் போர்டு கெடாமல் இருக்க நூறு வாட் பல்பு போட்டு வைத்து, எப்படியோ முடித்துவிட்டான். ஒல்லியான கறுப்புப் பெட்டி, கண்ணாடி முகப்பு, ரிமோட். பிரசன்னா யோசனைப்படி 'ஆனந்த் நியோ' என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மழை விட்டிருந்த நேரத்தில் சிவராமனையும் பிரசன்னாவையும் சுலைமான் பாயையும் வரச்சொன்னான். வடிவு மிளகாய் பஜ்ஜி போட்டாள்.

பிரசன்னா தன் போனிலிருந்து பாட்டை விட்டான். நல்ல ஆம்ப்தான், பொய் சொல்லக்கூடாது. தாளமெல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. சிவராமனுக்குத் திருப்தி, பொங்கலுக்கு முன்னால் ஐம்பது வேண்டும் என்றார். ஆனந்தன் அவரைப் பார்க்கவில்லை, பாயையே பார்த்தான். அவர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பாட்டு கேட்டார்.

"சோக்கா கீது தம்பி. ஆனா பாட்டு கடையிலேயே நின்னுக்குது. ஊட்டுக்கு வர மாட்டேங்குது."

சிவராமன் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். அதைத்தானே நானும் சொல்கிறேன், இதையும் செய், பாய் மாதிரி ஆட்களுக்காகப் பழசும் நடக்கட்டும், அந்த டிசைனை நிறுத்துகிறேன் என்று பிடிவாதம் எதற்கு, உன் பெயர் ஊர் உலகமெல்லாம் நிற்பதே அதனால்தானே என்றார். பிரசன்னாவும் ஆமாங்க சார் என்று ஆரம்பித்து அதன் குரலைப் பற்றி, அந்த இதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். ஆனந்தனுக்குத் தாங்கவில்லை.

"அத்த பத்தி எங்கிட்ட பேசாதீங்க. அது என்னுது இல்ல. நான் வரைஞ்சது காத குத்துச்சி. இவதான் ஒரு கண்டென்சர மாத்தி உட்டா, எனக்கே தெரியாம. இருவத்தாறு வருசமா நீங்க எல்லாம் என் தலைல வெச்சது இவ கைவேல. போதுமா?"

சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான். இதோடு அந்தப் பெட்டியின் மவுசு தீர்ந்தது என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். போர்டு நிரப்புகிற பொம்பளை டிராயிங் தெரியாமல் மாற்றி வைத்த தப்பு என்று தெரிந்தால் எவன் மதிப்பான் என்று கணக்குப் போட்டிருந்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

மூன்று பேரும் அவனை விட்டுவிட்டு வடிவு பக்கம் திரும்பினார்கள். மீட்டர்கூட இல்லாமல் எப்படிம்மா கண்டுபிடித்தீர்கள் என்று பிரசன்னா நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டான். நிஜமா தங்கச்சி என்று கேட்ட சுலைமான் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கண்டென்சர்தான் பாய், மத்ததெல்லாம் அவருதுதான் என்று அவள் சொன்னாள். யார் காதிலும் அது ஏறவில்லை. எத்தனை வைத்துப் பார்த்தாய், எந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தாய் என்று கேட்டார்கள். அவள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு ஒன்றொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், கையை ஆட்டி, பஜ்ஜி மாவு காய்ந்த விரலால் காற்றில் போர்டு வரைந்து காட்டி. மறந்துவிட்டேன் என்று சொன்னவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஆனந்தன் பார்த்ததில்லை. அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

எப்படியானாலும் பழசு கிடையாது, நிறுத்தியது நிறுத்தியதுதான் என்றான். வடிவு எழுந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டாள்.

"எல்லார் எதிர்லயும் நீதான அது என்னுது இல்ல, இவளுதுன்ன. என்னுதுன்னா நான் பண்றேன். உன்னுதா இருந்தாதான நீ நிறுத்த முடியும்?"

"ஒரே ஊட்ல ரெண்டு கம்பெனியா?"

"உனக்கு முன்ரூமு. எனக்குப் பின்கட்டு போதும்."

"அப்ப என் பேரு அதுல இருக்கக்கூடாது."

அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தான்.

"எடுத்துக்க," என்றாள்.

அவர்கள் மூன்று பேரும் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகு, வடிவு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆனந்தன் பின்கட்டு நிலைப்படியில் வந்து நின்றான். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"எனக்கு உன் மேல வயித்தெரிச்சல் வடிவு."

"தெரியும். மூணு மாசமா பாதி சோத்த நாய்க்குப் போடுறியே, எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாம் நீ. அன்னிக்கே."

"சொல்லியிருந்தா மறுநாளு நீ டிராயிங்கப் போட்டிருப்பியா? மறுபடியும் காயில் சுத்தத்தான் போயிருப்ப."

அவள் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"புச்சுலயும் ஒரு எடம் கீது. ஒண்ணே ஒண்ணு. மாத்துனா ஊட்டுக்கு வரும். சொல்லட்டா?"

எந்த இடம் என்று கேட்கத்தான் அவன் வாயெடுத்தான். மூன்று மாசமாக அவன் தேடிக் கிடைக்காத இடம் அது. இரண்டு பாட்டுக் கேட்டதிலேயே இவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வேணாம்," என்றான்.

மார்கழி முடிவதற்குள் நியோ ஐம்பதும் ஷோரூமுக்குப் போனது, பரவாயில்லாமல் விற்றது. பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே பழைய தையல் மேஜையைப் போட்டு வடிவு மாசத்துக்கு நாலு பெட்டி செய்தாள். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் அவன் சுற்றிக் கொடுத்தான், அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகப்பில் பெயர்த் தகடு இருந்த இடம் வெறுமனே இருந்தது. பிரசன்னா இணையக் குழுவில் முழுக் கதையையும் எழுதிவிட, ஆட்கள் அதற்கு அவர்களாகவே வடிவம்மா பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனந்தன் படித்தான். இரண்டு தரம் படித்தான்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு முன்னறை மேஜையில் கம்பெனி போன் அடித்தது. எடுத்தான். பேசினது வேலூர்க்காரர், மரியாதையான குரல்.

"வணக்கங்க. அங்க வடிவம்மான்னு ஒருத்தங்க ஆம்ப் பண்றாங்களாமே, இந்த நம்பர்தானுங்களா?"

ராங் நம்பர் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் வாய்வரைக்கும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு முடித்த பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவள் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு பக்கத்தில். நன்றாக இருந்தது. அந்த எரிச்சலிலும் நன்றாக இருந்தது.

"இதே நம்பர்தாங்க. கையில வேலையா கீறாங்க, கூப்டறேன். லைன்ல இருங்க."

"ரொம்ப நன்றிங்க. நீங்க யாருங்க பேசறது?"

ஆனந்தன் ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"அவங்க ஊட்டுக்காரரு," என்றான்.